ஏப்ரனும் கொழும்பில் இருந்துதான் வர வேண்டுமா? முதலீட்டுச் சபைக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை முதலீட்டுச் சபையின் தலைவருக்கும் பணிப்பாளர்களுக்கும், வடக்கின் தொழில் வலயங்களைத் திட்டமிடும் அதிகாரிகள் எல்லோருக்கும்,

வணக்கம்.

மாங்குளம் சந்தியில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற றோட்டில், கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி, ஆறு பெண்கள் சேர்ந்து ஒரு தையல் கூடம் நடத்துகிறோம். அதைத் தொடங்க முதல் ஒன்பது வருடம் தென்பகுதியில் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்தேன். ஹெல்பராகச் சேர்ந்து, மெஷின் ஒப்பரேட்டராகி, கடைசி மூன்று வருடம் குவாலிட்டி செக்கராக இருந்தேன். பரந்தன், மாங்குளம், காங்கேசன்துறை என்று மூன்று இடங்களில் தொழில் வலயங்கள் அமைக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்ததில் இருந்து இந்தக் கடிதம் என் மனதுக்குள் கிடந்து உழல்கிறது. இப்போதுதான் எழுத வாய்த்தது. அங்கே வரப்போகிற வெளிநாட்டுத் தொழிற்சாலைகள், தொழிலாளி போடுகிற ஏப்ரனைக்கூடக் கொழும்பில் இருந்து எடுக்காமல், இந்த ஊர் ஆட்களையும் தொழிலுக்குள் சேர்த்துக்கொள்ள வழி பண்ணுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

வெளிநாட்டு முதலீடு வேண்டாம் என்று எழுதுகிறேன் என நினைத்துவிடாதீர்கள். வராதா என்று காத்திருக்கிற ஊரில் இருந்து எழுதுகிறேன். போர் முடிந்த பிறகு, 2010இல் முகாமில் இருந்து நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றுக்குக் கட்டு இல்லை. கண்ணிவெடி எடுக்கிற ஆட்கள் வந்து பார்த்து, கால் வைக்கலாம் என்று சொல்லும் வரைக்கும் சொந்தக் காணிக்குள் போக ஏலாது. வயல் இருந்தவர்கள் வயலுக்குப் போனார்கள். இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பஸ் ஏறினார்கள். நான் ஏறியது கட்டுநாயக்கா போகிற பஸ். முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு தண்ணி மோட்டருக்கு முற்காசு கட்டினேன். அந்த மோட்டர் இன்றைக்கும் ஓடுகிறது. ஒரு தொழிற்சாலை ஒரு குடும்பத்துக்கு என்ன செய்யும் என்று எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தொழிற்சாலையில் முதலில் எனக்குப் படிப்பித்த பாடம் ஊசியைப் பற்றியது. மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, தாளில் ஒட்டி, புத்தகத்தில் பதிந்து, கையெழுத்து வைத்துக் கொடுத்தால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றி இருந்த உடுப்பு முழுவதையும் ஒதுக்கி, இரும்பைக் காட்டிக்கொடுக்கும் கருவிக்குள் விட்டுப் பார்ப்பார்கள். எங்கேயோ ஐரோப்பாவில் ஒரு குழந்தை போடுகிற சட்டைக்குள் அந்தத் துண்டு போய்விடக் கூடாது. அந்தக் குழந்தையை நான் கண்டதில்லை. அதன் தாய்க்கு வன்னி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது. ஆனால் ஒன்பது வருடம் அந்தத் தாயின் கண் என் மேசைக்கு மேலே இருந்த மாதிரித்தான் நான் வேலை செய்தேன். இரண்டு நாடுகளுக்கு இடையில் பொருளாதார உறவு என்று பேப்பரில் எழுதுவதை அந்த ஊசித் துண்டை வைத்துத்தான் நான் விளங்கிக்கொண்டேன். ஒரு நாட்டு ஆட்களின் வேலைப் பழக்கம் இன்னொரு நாட்டு ஆட்களின் கைக்கு வந்து சேர்கிறது. சேர்ந்த பிறகு அது லேசில் போகாது. எங்கள் கூடத்திலும் ஒரு ஊசிப் புத்தகம் வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற இடத்தில் இதெல்லாம் ஏன் அக்கா என்று கேட்ட தங்கச்சிமார் இப்போது தாங்களே எழுதி வைக்கிறார்கள்.

இதே விசயம் ஒரு நாட்டையே தூக்கி நிறுத்தியது பங்களாதேஷில். 1970களின் முடிவில் அங்கே ஏற்றுமதி ஆடைத்தொழில் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. 1978இல் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற உள்ளூர் நிறுவனம் தென்கொரியாவின் டேவூவோடு ஒப்பந்தம் செய்தது. டேவூவுக்கு அதில் தேவை இருந்தது: அமெரிக்காவும் ஐரோப்பாவும் கொரிய ஆடைக்குக் கோட்டா, அதாவது இவ்வளவுதான் வரலாம் என்ற வரம்பு, வைத்திருந்தன, பங்களாதேஷுக்கு அப்போது கோட்டா இல்லை. தேஷ் தன் ஆட்கள் 130 பேரை 1979இல் பூசான் நகரத்தில் இருந்த டேவூ தொழிற்சாலைக்கு அனுப்பியது. ஏறத்தாழ ஆறு மாதம் அங்கே இருந்து படித்தார்கள். தைப்பதோடு அந்தப் படிப்பு நிற்கவில்லை. லைன் என்கிற மெஷின் வரிசையை எப்படி அடுக்குவது, துணியை எப்படிக் கணக்குப் பண்ணி வெட்டுவது, வெளிநாட்டுக் கொள்வனவாளரோடு எப்படி விலை கதைப்பது என்பது வரைக்கும் போனது.

அந்த 130 பேரில் 115 பேர் அடுத்த பத்து வருடத்துக்குள் தேஷை விட்டு விலகினார்கள். சிலர் சொந்தமாகத் தொழிற்சாலை போட்டார்கள். மற்றவர்கள் புதிதாகப் போட்டவர்களிடம் சேர்ந்து அந்த வேலையைப் பழக்கினார்கள். இன்றைக்கு உலகத்துக்கு ஆடை தைத்து அனுப்புகிற நாடுகளின் முன்வரிசையில் பங்களாதேஷ் நிற்பதற்கு அந்த 115 பேரின் விலகலும் ஒரு காரணம். தேஷ் முதலாளிக்கு அது நட்டமாக இருந்திருக்கும். நாட்டுக்கு அது மூலதனம். டேவூ குழுமமே 1999இல் கடனில் சரிந்து போனது, ஆனால் கொரியாவுக்கும் பங்களாதேஷுக்கும் இடையில் போட்ட முடிச்சு அவிழவில்லை. சிட்டகாங்கில் கொரியர்களே நடத்துகிற ஏற்றுமதி வலயம் ஒன்று இருக்கிறது.

எங்கள் நாட்டிலும் இதற்குப் பக்கத்தில் போகிற கதை ஒன்று உண்டு. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்தும், அவர்களுக்குத் தைத்துக் கொடுத்தும் தொழில் படித்த இலங்கை முதலாளிமார் பிறகு தாங்களே வெளிநாட்டில் முதலிடும் அளவுக்கு வளர்ந்தார்கள். ஆந்திராவில் விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில், அச்சுதாபுரத்தில், இலங்கை நிறுவனமான பிராண்டிக்ஸ் நடத்துகிற ஆடைப் பூங்கா ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர். அங்கே வேலை செய்கிற தெலுங்குப் பெண்களுக்கு இலங்கைதான் வெளிநாட்டு முதலீட்டாளர். இதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கும்.

ஆனால் அந்த வளர்ச்சி நடந்த வருடங்கள் வன்னிக்கு வரவில்லை. 1992இல் கிராமங்களில் 200 ஆடைத் தொழிற்சாலை என்று நாடு முழுக்கத் திட்டம் போட்டபோது, இந்தப் பக்கத்துக்குச் சவர்க்காரமும் பற்றரியும் கொண்டுவரவே போரால் தடை இருந்தது. தெற்கில் ஒரு தலைமுறை தைக்கப் படித்து, அடுத்த தலைமுறை மனேஜராகி, இப்போது மூன்றாவது தலைமுறை டிசைன் படிக்கிறது. நாங்கள் 2010க்குப் பிறகு முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள். எங்களுக்கு வருகிற தொழிற்சாலையைப் பற்றி நீங்கள் எடுக்கும் முடிவில் இந்த வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன். தெற்கில் ஒரு புதுத் தொழிற்சாலை வந்தால் அதற்குப் பெட்டி செய்ய, நூல் கொடுக்க, மெஷின் திருத்த அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே அந்த ஆட்கள் உருவாக வேண்டும். தானாக உருவாக மாட்டார்கள்.

ஒரு காலத்தில் இருந்தார்கள். என்னுடைய தாத்தா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆனையிறவில் விளைந்த உப்பு சில மைல் தூரத்தில் இருந்த பரந்தனுக்குப் போய், கோஸ்ரிக் சோடாவாகவும் குளோரினாகவும் மாறி நாடு முழுக்கப் போனது. உப்பு வாரியவர்களுக்கு வேலை, மூட்டை தூக்கினவர்களுக்கு வேலை, லொறிக்காரருக்கு வேலை, தொழிற்சாலை வாசலில் தேத்தண்ணிக் கடை வைத்தவருக்கும் வேலை. ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை இருந்தது, அதற்கு மண் இந்த மண்தான். அவை அரசாங்கத்தின் தொழிற்சாலைகள், வெளிநாட்டு முதலீடு இல்லை. இருந்தாலும் ஒரு தொழிற்சாலை நிலத்தோடு எப்படி ஒட்டிக்கொள்ளும் என்பதைப் பார்த்த கண்கள் இந்த ஊரில் இன்னும் மிச்சம் இருக்கின்றன. தாத்தா சாகும் வரைக்கும் பரந்தனைக் கடக்கும்போது பஸ் யன்னலால் எட்டிப் பார்ப்பார்.

நிலத்தோடு ஒட்டாமல் வந்த முதலீடு என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. இந்தியாவோடு செய்த சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த சில வருடங்களில் இலங்கையில் இருந்து இந்தியாவுக்குப் போன ஏற்றுமதி மடமடவென்று ஏறியது. ஏறியதில் பெரும் பங்கு, பாம் எண்ணெயில் செய்கிற வனஸ்பதியும் செம்பும். நாங்கள் பெரிய அளவில் பாம் எண்ணெய் விளைவிக்கிற நாடு இல்லை, செம்பு தோண்டுகிற நாடும் இல்லை. இரண்டு நாட்டு இறக்குமதி வரிக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தை நம்பி, இந்திய முதலாளிமார் இங்கே ஆலை போட்டு, மூலப்பொருளை வெளியில் இருந்து எடுத்து, உருமாற்றி இந்தியாவுக்கே அனுப்பினார்கள். இந்தியாவின் உள்ளூர் உற்பத்தியாளர்கள் சத்தம் போட, அங்கே கட்டுப்பாடு வந்தது. அதோடு அந்த ஆலைகள் சரிந்தன. இரண்டு நாடுகளை நெருக்க வேண்டிய முதலீடு இரண்டு நாடுகளுக்கு இடையில் மனக்கசப்பாக முடிந்தது. வேலை செய்தவர்கள் அங்கே படித்த வேலையை வேறு எங்கே கொண்டுபோவது?

கடலுக்கு அந்தப் பக்கம் சென்னைக்கு வெளியே ஶ்ரீபெரும்புதூரிலும் நிலைத்த முதலீடு, நிலைக்காத முதலீடு என்று இரண்டு விதமும் நடந்திருக்கிறது. 2006இல் அங்கே நோக்கியா தொழிற்சாலை திறந்தது. ஆயிரக்கணக்கில் கிராமத்துப் பெண்பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்தார்கள். வரித் தகராறு வந்து, நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசொஃப்ட் வாங்கியபோது இந்தத் தொழிற்சாலை அந்த விற்பனைக்குள் அடங்காமல் போய், 2014 நவம்பரில் மூடினார்கள். அதற்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய் 1996இல் வந்து இறங்கியது. தனியாக வரவில்லை, உதிரிப்பாகம் செய்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தது. உள்ளூர்க்காரரும் அந்த வரிசையில் சேர்ந்தார்கள். இந்தியாவும் கொரியாவும் விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2010 ஜனவரியில். தொழிற்சாலை வந்து பதின்மூன்று வருடத்துக்கு மேலே ஆன பிறகு. சென்னையில் கொரியத் துணைத் தூதரகம் இருக்கிறது, கொரியச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, கொரிய மொழி படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். காகிதத்தில் எழுதிய ஒப்பந்தத்துக்கு முதலே மனிதர்கள் ஒப்பந்தமாகிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. நோக்கியாவின் முடிவுக்கு உள்ளூர்ப் பிணைப்புக் குறைவுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சுற்றியும் உதிரிப்பாகக் கம்பனிகள் இருந்தன, வரி வழக்குத்தான் பெரிய அடி. ஆனாலும் தாய் நிறுவனம் ஒன்று மட்டும் எல்லாவற்றையும் தாங்கி நிற்கிற இடத்தில் அது விழுந்தால் மற்றவையும் கூடவே விழும். நோக்கியாவை நம்பிப் பக்கத்தில் இருந்த ஃபொக்ஸ்கொன் ஆலையும் அதே வருடம் டிசம்பரில் நின்றது.

இனி எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை, அது முக்கியமும் இல்லை.

2020இல் கொரோனா முடக்கத்தோடு வீடு வந்தவள் திரும்பிப் போகவில்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கடன் எடுத்து, பழைய ஜூக்கி மெஷின் இரண்டும் ஓவர்லொக் ஒன்றும் வாங்கி இந்தக் கூடத்தைத் தொடங்கினோம். ஏற்றுமதித் தொழிற்சாலை ஒன்றில் ஆயிரம் பேர் வேலை செய்தால் ஆயிரம் பேருக்கும் ஏப்ரன் வேண்டும், தலைத்துணி வேண்டும். ஒப்பரேட்டருக்கு ஒரு நிறம், சுப்பர்வைசருக்கு ஒரு நிறம். மெஷினுக்கு மூடுதுணி, வெட்டின துண்டு போட்டு வைக்கிற பை, இப்படி நிறைய. இவை ஏற்றுமதிக்குப் போகிற சாமான் இல்லை. வெளிநாட்டுக் கொள்வனவாளர் குறை பிடிக்கப் போவதில்லை. நான் ஒன்பது வருடம் போட்டிருந்த ஏப்ரன், அதன் தையல் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். மாதிரி ஐந்து தைத்து, ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பது வரைக்கும் எழுதி எடுத்துக்கொண்டு ஒரு தொழிற்சாலைக்குப் போனோம்.

கொள்வனவுப் பகுதியில் இருந்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார். மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நல்லாயிருக்கிறது என்றார். பிறகு சொன்னார்: ஏப்ரன் உட்பட எல்லாச் சாமானும் கொழும்பில் இருந்துதான் எடுக்கிறோம், வழங்குநர் பட்டியலில் பதிய வேண்டும் என்றால் இந்தப் படிவத்தை நிரப்புங்கள் என்று. பதினொரு பக்கம், முழுக்க ஆங்கிலம். மூன்று வருடக் கணக்காய்வு அறிக்கை கேட்டிருந்தது. சாமான் கொடுத்துத் தொண்ணூறு நாளுக்குப் பிறகுதான் காசு வரும் என்று இருந்தது. துணியைக் கடனுக்கு எடுத்து, ஆறு பெண்களுக்குக் கிழமைக்குக் கிழமை கூலி கொடுக்கிற எங்களுக்குத் தொண்ணூறு நாள் என்றால் மூன்று தரம் மூடிவிட்டுப் போகலாம். படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தோம். இன்னும் என் லாச்சிக்குள் கிடக்கிறது.

அந்த மனிதரில் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொல்லப்பட்டதைச் செய்கிறார். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2026 ஜனவரியில் இருந்து தேசிய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 30,000 ரூபா. ஆயிரம் பேர் வேலை செய்கிற தொழிற்சாலை ஒன்று வந்தால், ஓவர்டைமும் ஊக்குவிப்புக் கொடுப்பனவும் சேர்க்காமலே மாதம் மூன்று கோடி ரூபா இந்த ஊருக்குள் வரும். பெரிய காசு. ஆனால் வந்த காசு நுண்கடன் தவணைக்கும், மோட்டார் சைக்கிள் லீசிங்குக்கும், தெற்கில் இருந்து வருகிற பக்கற் சாமானுக்கும் போய், மாதம் முடிய முதல் திரும்பித் தெற்குக்குப் போகிற ஏ9 வீதியால் ஓடிவிடும். கிளிநொச்சி நெல்லே லொறியில் தெற்கு ஆலைகளுக்குப் போய் அரிசியாகத் திரும்பி வருகிறது, மற்றவற்றைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது! ஆயிரம் பேருக்கு ஒரு நேரச் சோறு என்றால் நாளுக்கு நூறு கிலோ அரிசிக்கு மேல் வேண்டும். அந்த அரிசி எங்கே குற்றப்படுகிறது, அந்தச் சோற்றை யார் சமைக்கிறார்கள், கறிக்கு மரக்கறி யாருடைய தோட்டத்தில் இருந்து வருகிறது என்பதெல்லாம் தொழிற்சாலை கட்ட முதலே தீர்மானிக்கிற விசயங்கள். கட்டின பிறகு போய்க் கதவு தட்டினால் படிவம்தான் கிடைக்கும்.

உங்கள் சபையின் சட்டமான 1978ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் 17ஆம் பிரிவின் கீழ் முதலீட்டாளரோடு நீங்கள் ஒப்பந்தம் செய்கிறீர்கள், சலுகைகள் அதில் எழுதப்படுகின்றன என்று சட்டம் படித்த தம்பி ஒருவர் எனக்கு விளங்கப்படுத்தினார். அந்தத் தம்பியே இன்னொன்றையும் சொன்னார். உள்ளூர்ப் பொருளை வாங்கியே ஆக வேண்டும் என்று முதலீட்டாளரை நெருக்க உலக வர்த்தக அமைப்பின் விதி விடாது. 1980களில் இந்தியா மாருதி காருக்காகச் சுசுகியோடு சேர்ந்தபோது, உதிரிப்பாகங்களைப் படிப்படியாக இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று வைத்த மாதிரியான நிபந்தனையை, அந்த விதி வந்த 1995க்குப் பிறகு வைப்பது கடினம். சரி, ஏற்றுக்கொள்கிறேன். எங்களுக்குக் கட்டாயக் கலியாணம் வேண்டாம்.

கட்டாயம் இல்லாமலே செய்து காட்டிய நாடு ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரின் பொருளாதார அபிவிருத்திச் சபை, உங்களைப் போன்ற ஒரு சபைதான், 1986இல் ஒரு திட்டம் தொடங்கியது. பெரிய வெளிநாட்டு நிறுவனத்தில் அனுபவப்பட்ட பொறியியலாளர் ஒருவரை, அந்த நிறுவனத்துக்குச் சாமான் கொடுக்கக்கூடிய சின்னச் சின்ன உள்ளூர்த் தொழிலகங்களுக்கு அனுப்பினார்கள். அவருடைய சம்பளத்தை அந்தச் சபை கொடுத்தது. அவர் போய்ப் பிழையைத் திருத்தி, கணக்கைப் பழக்கி, அந்த நிறுவனம் எதிர்பார்க்கிற தரத்துக்கு அவர்களைக் கொண்டுவந்தார். வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கிட்டவே நம்பிக்கையான வழங்குநர் கிடைத்தார். உள்ளூர்க்காரருக்குத் தொழில் கிடைத்தது. யாரையும் யாரும் நெருக்கவில்லை.

மாங்குளத்திலும் பரந்தனிலும் இதைச் செய்யுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். வலயத்துக்கு வருகிற ஒவ்வொரு நிறுவனத்தோடும் கதைத்து ஒரே ஒரு அனுபவசாலியை இரண்டு வருடத்துக்குக் கேளுங்கள். அவருடைய சம்பளத்தைச் சபை பொறுக்கட்டும். அவர் எங்கள் மாதிரித் தையல் கூடங்களுக்கும், காட்போட் பெட்டி செய்ய நினைக்கிற பெடியளுக்கும், அரிசி ஆலைக்காரருக்கும், மெஷின் திருத்துகிற கராஜ்காரருக்கும் வந்து என்ன குறை என்று சொல்லட்டும். சொன்னால் திருத்துவோம். ஊசிப் புத்தகம் எழுதப் பழகினவர்கள் வேறு எதையும் பழகுவோம். தொண்ணூறு நாள் கடன் பிரச்சினைக்கு, கொள்வனவுக் கட்டளையைக் காட்டினால் அரச வங்கி ஒன்று முற்பணம் கொடுக்கிற ஒழுங்கு ஒன்றைச் செய்தால் போதும். இலவசம் கேட்கவில்லை, வட்டியோடு கட்டுவோம்.

அடுத்தது, தேஷ் கொரியாவுக்கு அனுப்பிய அந்த 130 பேர் மாதிரி இங்கேயும் ஆட்கள் வேண்டும். வருகிற நிறுவனம் ஜப்பானோ, இத்தாலியோ, இந்தியாவோ, எந்த நாடாக இருந்தாலும், வருடம் பத்துப் பேரையாவது இங்கே இருந்து தாய்த் தொழிற்சாலைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுக்கும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஒப்பரேட்டர்களில் இருந்தும் தெரிவு செய்ய வேண்டும், அலுவலகத்தில் இருப்பவர்களை மட்டும் அனுப்பக் கூடாது. பயிற்சிக்கு ஆட்களைத் தயார் பண்ணுகிற இடம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மனியின் உதவியோடு 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது, அதே பக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே படித்து முடித்த பிள்ளைகள் வேலைக்குக் கொழும்புக்கும் கட்டாருக்கும் போகிறார்கள். ஒரு நாடு தன் காசில் எங்கள் ஊரில் பயிற்சிக்கூடம் கட்டித் தந்திருக்கிறது. அந்த நாட்டுத் தொழிற்சாலைகளிடம் போய், உங்கள் முறையில் பழகின பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள் என்று நாங்கள் சொல்ல வேண்டாமா? இத்தாலியக் குழுமம் ஒன்று வவுனியாவில் தொழிற்சாலை வைத்து நடத்துகிறது. தூரம், போர் நடந்த இடம் என்று தயங்குகிற முதலீட்டாளருக்குக் காட்ட அது ஒன்றே போதும்.

மொழியையும் சொல்ல வேண்டும். நான் வேலை செய்த இடம் ஒன்றில் தீ விபத்து நேரம் எந்த வாசலால் ஓட வேண்டும் என்ற அறிவித்தல் எனக்கு விளங்காத மொழியில் ஒட்டியிருந்தது. பக்கத்து மெஷின் சிங்களத் தங்கச்சிதான் எனக்கு வாசித்துச் சொன்னாள், அவளை நான் இன்றைக்கும் நினைப்பேன். வன்னியில் வருகிற தொழிற்சாலையில் பாதுகாப்பு அறிவித்தலும், நியமனக் கடிதமும், சம்பளத் துண்டும், வழங்குநர் படிவமும் தமிழில் இருப்பது சலுகை இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்டுகிறார்கள், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்டுகிறார் என்பதையே பல பிள்ளைகள் வேலையை விட்ட பிறகுதான் அறிகிறார்கள்.

சாயம் போடுகிற ஆலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவின் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகையைப் பல ஆடைகளுக்கு முழுதாக அனுபவிக்க வேண்டும் என்றால் துணியும் இங்கேயோ தெற்காசியாவிலோ நெய்யப்பட்டிருக்க வேண்டும், அதனால் துணி ஆலைகள் தேவைப்படுகின்றன என்று எனக்குத் தெரியும். தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன், துணிக்குச் சாயம் போடுகிற ஆலை தண்ணீரை அள்ளிக் குடிக்கும், கழிவு கறுப்பாக வெளியில் வரும். இரணைமடுக் குளத்தையும் சின்னச் சின்னக் குளங்களையும் நம்பித்தான் எங்கள் வயல் இருக்கிறது. சுத்திகரிப்பு ஏற்பாட்டைத் தமிழில் ஊருக்கு விளங்கப்படுத்தி, கமக்கார அமைப்புகளின் சம்மதம் எடுக்காமல் அந்த ஆலையை இங்கே கொண்டுவராதீர்கள். நெல்லைக் கொடுத்து வாங்குகிற முதலீடு எங்களுக்கு வேண்டாம்.

2025 ஏப்ரல் 2ஆம் திகதி இலங்கைச் சாமானுக்கு 44 வீத வரி என்று அமெரிக்கா அறிவித்தது. அடுத்த நாள் காலையிலேயே, நான் முன்னர் வேலை செய்த லைனில் இருந்து நாலு பேர் போன் எடுத்து, வேலை போகுமா அக்கா என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இருக்கவில்லை. பிறகு அது 30 ஆகி, ஓகஸ்டில் 20 ஆகியது. வாஷிங்டனில் ஒரு மேசையில் எழுதுகிற இலக்கம் மூன்று தரம் மாற, நாலு மாதம் அந்தப் பிள்ளைகள் நித்திரை கொள்ளவில்லை. அந்த நேரம் நான் யோசித்தது இதைத்தான்: தைக்கிற கூலியை மட்டும் பார்த்து வந்த கம்பனி, கூலி இன்னும் குறைந்த இடத்தைக் கண்டால் மெஷினைக் கழற்றிக்கொண்டு போய்விடும். பெட்டிக்காரரும், சாப்பாட்டுக்காரரும், திருத்துகிறவரும், பழகின ஆட்களும் பக்கத்தில் இருக்கிற கம்பனி போக முதல் இரண்டு தரம் யோசிக்கும். எங்களோடு சேர்ந்து தன் நாட்டில் எங்களுக்காகவும் கதைக்கும். இரண்டு அரசாங்கங்களுக்கு இடையில் பிணக்கு வருகிற நாளில் அந்த ஒரு குரல் எங்களுக்குத் தேவை.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்தில் இருந்து மாங்குளத்துக்கு வேலைக்கு வரப்போகிற பிள்ளைகள் விடியக் காலமை நாலரைக்கு வெளிக்கிட வேண்டும். அந்த நேரம் அந்த றோட்டில் யானை நிற்கும். தொழிற்சாலை பஸ் வாசலுக்கு வருமா, சந்தியோடு நிற்குமா என்பதையும் முதலீட்டாளரோடு கதைக்கும் நாளிலேயே கதையுங்கள். கைக்குழந்தை உள்ளவர்களுக்குப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தையும். இந்த ஊரில் எத்தனையோ வீடுகள் பெண்ணின் உழைப்பில்தான் நிற்கின்றன.

மாங்குளம் வலயத்துக்கான முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முதல், உங்களில் ஒருவர் இங்கே வந்து எங்களோடு ஒரு பின்னேரம் இருந்து கதைக்க வேண்டும் என்று கேட்கிறேன். பிரதேச செயலகத்தில் மண்டபம் இருக்கிறது. அரிசி ஆலைக்காரர், கமக்கார அமைப்பு, மாதர் சங்கங்கள், பயிற்சி முடித்த பிள்ளைகள் எல்லோரையும் நான் கூப்பிடுகிறேன். வர முடியாவிட்டால், லாச்சிக்குள் கிடக்கிற அந்தப் பதினொரு பக்கப் படிவத்துக்கு ஒரு தமிழ்ப் பிரதியையாவது அனுப்பி வையுங்கள். நிரப்பித் திருப்பி அனுப்ப எங்களுக்கு ஒரு கிழமை போதும். ஏப்ரன் மாதிரி ஐந்தும் இன்னும் அப்படியே மடித்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மாங்குளத்தில் தையல் கூடம் நடத்தும் ஆறு பேரில் ஒருத்தி